வைஃபை டிரைவரால் தொடங்க மறுக்கும் லினக்ஸ் லேப்டாப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே தொல்லையைச் சுற்றியே அமைந்துள்ளன. வைஃபை டிரைவர் (வைஃபை அட்டையை இயக்கும் நிரல்) கோளாறு செய்ய, லினக்ஸ் லேப்டாப் முழுவதுமே தொடங்காமல் நின்றுவிடுகிறது என்பதுதான் அது. பிறருக்கும் பயன்படக்கூடிய கடிதங்களைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியுள்ளேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கும் விதத்திலேயே தமிழில் தந்திருக்கிறேன்; வேறாகச் சொல்லாத இடங்களில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, என் லேப்டாப்பில் உபுண்டு பயன்படுத்துகிறேன். அதிலிருப்பது ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்8821சிஇ வைஃபை அட்டை. லினக்ஸ் நிறுவிய புதிதில் வைஃபை வேலை செய்யாததால், இணையத்தில் கிடைத்த மூலநிரலைப் பதிவிறக்கி டிரைவரை நானே நிறுவிக்கொண்டேன். நெடுநாள் குறையின்றி ஓடியது. அண்மையில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) புதுப்பிக்கப்பட்ட பிறகு, லோகோ தோன்றியதும் கணினி அப்படியே உறைந்துவிடுகிறது. எப்போதாவது ஒருமுறை மட்டும் உள்ளே செல்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதே வழி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வைஃபைதான் காரணமா என்பதை எப்படி உறுதிசெய்வது? கோப்புகளை இழக்காமல் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். மறுநிறுவல் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் கோப்புகளுக்கு எதுவும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் அழித்தால், அதே டிரைவரை மறுபடி நிறுவும் நாளில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

வைஃபை கெட்டால் இணையம்தானே போக வேண்டும், கணினி ஏன் நிற்க வேண்டும் என்ற ஐயம் பலருக்கும் எழுகிறது. உலாவியோ எழுத்துச் செயலியோ பிழை செய்தால் அதை மட்டும் மூடிவிட்டு இயங்குதளம் தன் வேலையைத் தொடரலாம். ஆனால் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே, கெர்னலுக்குரிய அத்தனை அதிகாரங்களோடும் ஓடுகிற நிரல் என்பதால், அது ஒரு பூட்டை (ஒரே நேரத்தில் ஒரு நிரல் மட்டும் வைத்திருக்கக்கூடிய அனுமதியை) பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாலோ தனக்குரியதல்லாத நினைவகத்தில் எழுதினாலோ, தடுப்பதற்கு அதற்கு மேலே யாரும் இல்லை. லேப்டாப் தொடங்கும் வரிசையையும் நினைவில் கொள்ளுங்கள். லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் தொடக்க நிரலான யூஇஎஃப்ஐ முதலில் விழித்து, இயங்குதளத்தை ஏற்றித்தரும் கிரப்பை அழைக்கிறது. கிரப், கெர்னலையும் அதனுடன் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதியான மூலப் பகிர்வு திறந்ததும், மற்றச் சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டி பொறுப்பேற்கிறது. அதன் துணைநிரலான யூடெவ் ஒவ்வொரு வன்பொருளின் அடையாள எண்ணையும் பார்த்து உரிய டிரைவரை எழுப்புகிறது. வைஃபை டிரைவர் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் எழுகிறது. யூடெவ் பல டிரைவர்களை ஒரே நேரத்தில் எழுப்புவதால், எது முந்தும் எது பிந்தும் என்பது ஒவ்வொரு முறையும் சற்றே மாறும். எப்போதாவது மட்டும் உங்கள் கணினி உள்ளே செல்வதற்கு இது காரணமாக இருக்கலாம்.

லோகோ வந்த பிறகு உறைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது. ஆயினும் கிராபிக்ஸ் டிரைவரும் ஏறத்தாழ அதே வேளையில்தான் எழுகிறது என்பதால், பொருத்தத்தை மட்டும் வைத்து வைஃபை மீது பழி போட்டுவிடக் கூடாது. சான்று வேண்டும், அதைப் பெறுவதும் கடினமன்று.

கணினியைத் தொடக்கியவுடன் எஸ்கேப் விசையை அழுத்தினால் கிரப் பட்டியல் தோன்றும். யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் முறையில் தொடங்கும் கணினியாயின் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் வரியின் மேல் நின்று ஆங்கில ஈ எழுத்தைத் தட்டினால், தொடக்கக் கட்டளைகள் திருத்தக்கூடிய வடிவில் திறக்கும். அவற்றுள் லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் நீண்ட வரியின் இறுதியில் உள்ள குவையட், ஸ்பிளாஷ் என்ற இரு சொற்களையும் அழித்துவிட்டு, கன்ட்ரோல் விசையுடன் எக்ஸ் எழுத்தையோ எஃப்10 விசையையோ அழுத்துங்கள். இங்கே செய்யும் மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே உரியது; அடுத்த முறை எல்லாம் பழையபடியே இருக்கும். எனவே அச்சமின்றிச் சோதிக்கலாம்.

லோகோவுக்குப் பதிலாக இப்போது செய்திகள் வரிவரியாக ஓடும். கணினி நின்றதும் திரையைக் கைபேசியில் படமெடுத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். "8821சிஇ: லோடிங் அவுட்-ஆஃப்-ட்ரீ மாட்யூல் டெயின்ட்ஸ் கெர்னல்" என்ற வரி தென்படலாம். அது பிழைச் செய்தி அன்று. வெளியிலிருந்து நிறுவிய டிரைவர் ஒன்று உள்ளே வந்துவிட்டது என்று கெர்னல் குறித்துவைப்பது மட்டுமே. அதற்குப் பின் "சாஃப்ட் லாக்அப்" என்றும், ஒரு சிபியு 22 வினாடிகளாகச் சிக்கிக்கொண்டுள்ளது என்றும் செய்தி வந்தால்தான் கவனம் தேவை. சிபியு சிக்குவதற்குப் பதிலாக டிரைவர் எதற்காகவோ காத்துக் கிடந்தால், யூடெவ் 120 வினாடிகளுக்கு மேலாகத் தடைபட்டு நிற்கிறது என்ற செய்தி வரும். சாஃப்ட் லாக்அப் செய்தியைத் தொடரும் நீண்ட குவியலில் ஆர்ஐபி என்று தொடங்கும் வரியைத் தேடிப்பிடியுங்கள். சிபியு எந்தச் செயற்கூற்றில் இருந்தது என்பதை அந்த வரி சொல்லும். அச்செயற்கூறு ஒரு தனி டிரைவருக்கு உரியதாயின், சதுர அடைப்புக்குறிக்குள் அந்த டிரைவரின் பெயரும் நிற்கும். அங்கே 8821சிஇ என்று இருந்தால் சந்தேகம் பெருமளவு நீங்கிவிடும். ஆயினும் ஒரு டிரைவர் கெடுத்த நினைவகத்தில் இன்னொன்று இடறி விழுவதும் உண்டு என்பதால், அடுத்துச் சொல்லும் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

மீண்டும் கிரப்பில் அதே லினக்ஸ் வரிக்குச் சென்று, அதன் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு "மாட்யூல்_பிளாக்லிஸ்ட்=8821சிஇ,ஆர்டிடபிள்யூ88_8821சிஇ" என்று சேர்த்துத் தொடக்குங்கள். இரண்டு பெயர்களைத் தருவதற்குக் காரணம் உண்டு. முதலாவது நீங்கள் நிறுவியது. இரண்டாவது, கெர்னலின் 5.9 பதிப்பு முதல், அதாவது 2020 அக்டோபர் முதல், இதே அட்டைக்காகக் கெர்னலுக்குள்ளேயே வரும் டிரைவர். ஒரே அட்டைக்கு இரண்டு டிரைவர்கள் உரிமை கோருகிற நிலைதான் இத்தகைய தொல்லைகளில் பலவற்றுக்கு வேர் என்பதால், முதற்சோதனையில் இரண்டையுமே வெளியே நிறுத்திவைப்பது நல்லது. "மாட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட்" என்ற இன்னொரு வழியும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது யூடெவ் தானாக எழுப்புவதை மட்டும் தடுக்கிறது. வேறொரு டிரைவர் துணைக்கு அழைத்தாலோ பெயர் சொல்லி ஏற்றினாலோ தடை செல்லாது. நான் சொன்ன வழியில் கெர்னலே ஏற்க மறுத்துவிடும் என்பதால், சான்று தேடும்போது அதையே பரிந்துரைக்கிறேன்.

இப்போது வைஃபை இல்லாமல் கணினி முழுவதுமாகத் தொடங்கினால் வழக்கு பாதி முடிந்தது. பாதி என்று சொல்வதற்குக் காரணம், உங்கள் கணினி முன்பும் எப்போதாவது தொடங்கத்தான் செய்தது. ஒரு வெற்றியை நம்பாமல், மின்சாரத்தை முழுவதும் நிறுத்திய பிறகும், மறுதொடக்கம் செய்தும், பலமுறை சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சொற்களைச் சேர்க்க மறவாதீர்கள். எல்லா முறையும் தொடங்கி, தடையை நீக்கியதும் மீண்டும் உறைந்தால் அதுவே சான்று. தடையோடும் உறைகிறது என்றால் வைஃபை டிரைவரை விட்டுவிட்டு, அதே இடத்தில் "நோமோட்செட்" என்ற சொல்லைச் சேர்த்துக் கிராபிக்ஸ் பக்கம் சோதிக்க வேண்டும்.

சான்று கிடைத்ததும் செய்ய வேண்டியது, வெளியிலிருந்து வந்த டிரைவரை நீக்குவதுதான். தடையோடு உள்ளே வந்து முனையத்தைத் திறந்து "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" என்று தட்டினால், கெர்னல் மாறும்போதெல்லாம் மூலநிரலிலிருந்து தானாக மறுதொகுப்பு செய்யப்படும் டிரைவர்களின் பெயரும் பதிப்பும் வரும். அதில் ஆர்டிஎல்8821சிஇ என்ற பெயர் இருந்தால், "சூடோ டிகேஎம்எஸ் ரிமூவ்" என்பதற்குப் பின் அந்தப் பெயரையும், சாய்கோடிட்டுப் பதிப்பெண்ணையும், இறுதியில் இரட்டைச் சிறுகோட்டுடன் "ஆல்" என்பதையும் தந்து நீக்குங்கள். டிரைவரை ஒரு தொகுப்பாக நிறுவியிருந்தால் ஏபிடி என்ற தொகுப்பு மேலாளர் வழியாகவே நீக்கிவிடலாம்.

அடுத்த படியைத் தவறவிடுவோர் பலர். நீங்கள் நிறுவிய டிரைவருக்கான வழிமுறைகளில், கெர்னலுக்குள்ளிருக்கும் டிரைவரைத் தடைசெய்யச் சொல்லி ஒரு வரி இருந்திருக்கக்கூடும். அதைச் செய்திருந்தால் அந்தத் தடை இன்னும் கோப்பில் உயிரோடு இருக்கும். அதனால் வெளி டிரைவரை நீக்கிய பின் கணினி நன்றாகத் தொடங்கும், ஆனால் வைஃபை மட்டும் வராது; உடனே மனம் சோர்ந்து பழைய டிரைவரையே மீண்டும் நிறுவத் தோன்றும். "கிரெப் -ஆர் 8821 /ஈடிசி/மாட்ப்ரோப்.டி" என்று தேடுங்கள். பிளாக்லிஸ்ட் என்ற சொல்லுடன் ஆர்டிடபிள்யூ88_8821சிஇ பெயர் எந்தக் கோப்பில் இருந்தாலும் அந்த வரியை நீக்கிவிட்டு, "சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு" என்ற கட்டளையை ஓட்டி, கிரப்பில் எதையும் சேர்க்காமல் மறுதொடக்கம் செய்யுங்கள். லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்; இந்த அட்டைக்குள் ஏற்றப்படும் நிரலான ஃபர்ம்வேர் அதில்தான் வருகிறது. இடைப்பட்ட நேரத்தில் இணையம் தேவைப்பட்டால், கைபேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங் வசதியை இயக்கினால் போதும். அதற்கு இந்த வைஃபை அட்டையின் டிரைவர் தேவையில்லை.

கெர்னலுக்குள் உள்ள டிரைவரும் உறையச் செய்தால், மின்சிக்கன வசதியைச் சந்தேகிக்க வேண்டும். அட்டையைக் கணினியோடு சேர்க்கும் பிசிஐஇ இணைப்பு வேலையற்றிருக்கும்போது அதை உறங்கவைக்கும் ஏஎஸ்பிஎம் என்னும் ஏற்பாட்டோடு சில லேப்டாப்களில் இந்த அட்டை ஒத்துப்போவதில்லை. உறங்கிய இணைப்பு எழாமல் போனால் டிரைவரும் அதோடு சேர்ந்து நின்றுவிடுகிறது. மாட்ப்ரோப்.டி கோப்புறையில் கான்ஃப் என்று முடியும் ஒரு புதிய கோப்பை உருவாக்கி, அதில் "ஆப்ஷன்ஸ் ஆர்டிடபிள்யூ88_பிசிஐ டிசேபிள்_ஏஎஸ்பிஎம்=1" என்ற ஒற்றை வரியை எழுதிப் பாருங்கள். பேட்டரி சற்று விரைவாகக் கரையலாம். தொடங்காத லேப்டாப்புக்கு அது எவ்வளவோ மேல்.

கேள்வி: என் லேப்டாப்பில் பிராட்காம் வைஃபை அட்டை உள்ளது, அதற்கான தனியுரிமை (பிராட்காம் நிறுவனமே தரும்) டிரைவரை நிறுவியிருக்கிறேன். ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு, கணினியைத் தொடக்கினால் "கெர்னல் பேனிக்" என்றும், மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்றும், "அன்நோன்-பிளாக் (0,0)" என்றும் செய்தி வருகிறது. எஸ்எஸ்டி பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் பழுதுபார்ப்பவர். வைஃபை டிரைவருக்கும் இதற்கும் தொடர்பு இருக்க முடியுமா?

பதில்: எஸ்எஸ்டியை மாற்றுவதற்கு முன் தயவுசெய்து இதைப் படியுங்கள். தொடர்பு இருக்கக்கூடும். முந்தைய வாசகருக்கு நேர்ந்ததிலிருந்து முற்றிலும் வேறான வழியில், டிரைவர் ஓடாமலேயே, ஏன், அது உருவாகவே இல்லாமல், கணினியை முடக்கிவிடுகிற நிலை இது.

பிராட்காமின் தனியுரிமை டிரைவரும் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகவே ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மறுதொகுப்பு செய்யப்படுகிறது. கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், பழைய மூலநிரல் புதிய கெர்னலோடு தொகுக்க முடியாமல் போவது அடிக்கடி நிகழ்வதுதான். டெபியன், உபுண்டு குடும்பத்தில் புதிய கெர்னல் நிறுவப்பட்டதும் ஈடிசி கோப்புறையின் கீழுள்ள கெர்னல்/போஸ்ட்இன்ஸ்ட்.டி என்ற இடத்திலிருக்கும் சிறு நிரல்கள் பெயர் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அகர வரிசைப்படி டிகேஎம்எஸ் முன்னால் வருகிறது. இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் நிரல் அதற்குப் பின்னால் வருகிறது. வைஃபை டிரைவரைத் தொகுக்கும் முயற்சி தோற்று டிகேஎம்எஸ் பிழையோடு வெளியேறினால், வரிசை அங்கேயே அறுந்துவிடும். புதிய கெர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் உருவாகாது. பின்னர் வேறொரு காரணத்தால் கிரப் பட்டியல் புதுப்பிக்கப்படும்போது, இந்தக் குறைக் கெர்னல் பட்டியலின் உச்சியில் வந்து அமர்ந்துகொள்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால், மூலப் பகிர்வைத் திறப்பதற்கான துணை இல்லாமல் கெர்னல் தவிக்கும். அந்தப் பூச்சியம் பூச்சியம் என்ற எண் சொல்வது இதைத்தான்: வட்டு கெட்டுவிட்டது என்பதன்று, எந்த வட்டையுமே தன்னால் அடையாளம் காண முடியவில்லை என்பது.

கிரப் பட்டியலில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்ற வரிக்குள் சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். கணினி வழக்கம்போல் தொடங்கினால் எஸ்எஸ்டி மீது குற்றமில்லை. உள்ளே வந்ததும் "எல்எஸ் /பூட்" என்று தட்டிப் பாருங்கள். பழைய பதிப்புக்கு விஎம்லினஸ் (கெர்னல்), இனிட்ஆர்டி.ஐஎம்ஜி (இனிட்ராம்எஃப்எஸ்) என இரண்டு கோப்புகள் இருக்கும். புதிய பதிப்புக்கு விஎம்லினஸ் மட்டும் துணையின்றி இருக்கும். இணையின்றி நிற்கும் அந்த ஒரு கோப்பைப் பார்த்த பிறகு வேறு சான்று தேவைப்படாது. பூட் பகிர்வு நிரம்பிப்போனாலும் இதே நிலை ஏற்படும் என்பதால் "டிஎஃப் -ஹெச் /பூட்" கட்டளையால் இடம் உள்ளதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிறகு, உபுண்டுவாயின் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ், டெபியனாயின் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் என்ற தொகுப்பை ஏபிடி பர்ஜ் கட்டளையால் நீக்குங்கள். அடுத்து "சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ" என்று தட்டினால், பாதியில் நின்ற கெர்னல் நிறுவல் தொடர்ந்து முடியும். அதன் பின்னும் இனிட்ஆர்டி கோப்பு தோன்றாவிட்டால், "சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே" என்பதோடு புதிய கெர்னலின் முழுப் பதிப்பெண்ணையும் தந்து உருவாக்கிவிட்டு, "சூடோ அப்டேட்-கிரப்" கட்டளையோடு முடியுங்கள். பட்டியலில் பழைய கெர்னல் எதுவும் எஞ்சியிருக்கவில்லை என்றால் நிறுவாமலேயே லினக்ஸை இயக்கும் லைவ் யுஎஸ்பி ஒன்றில் தொடங்கி, உங்கள் மூலப் பகிர்வை ஏற்றி, தனிப் பூட் பகிர்வு இருந்தால் அதையும் உரிய இடத்தில் ஏற்றி, டெவ், ப்ராக், சிஸ் ஆகிய மூன்றையும் அதனோடு பிணைத்து, சிஎச்ரூட் வழியாக உள்ளே சென்று இதே கட்டளைகளை ஓட்டலாம்.

வைஃபை பற்றிய முடிவை அதன் பிறகு எடுங்கள். பிராட்காம் அட்டைகளில் பலவற்றுக்குக் கெர்னலுக்குள்ளேயே பிஆர்சிஎம்எஸ்எம்ஏசி, பிஆர்சிஎம்எஃப்எம்ஏசி, பி43 என்ற டிரைவர்கள் உள்ளன. உங்கள் அட்டை எது என்பதை "எல்எஸ்பிசிஐ -என்என்கே" கட்டளை காட்டும். 14இ4 என்று தொடங்கும் அடையாள எண்ணே பிராட்காமுடையது. கெர்னல் டிரைவர் எதுவும் உங்கள் அட்டையை ஏற்காதபோது மட்டும், புதிய கெர்னலுக்கேற்பத் திருத்தப்பட்ட தனியுரிமைத் தொகுப்பு உங்கள் வெளியீட்டில் வந்துவிட்டதா என்று பார்த்து நிறுவுங்கள்.

கேள்வி: கணினி தொடங்கும்போது, வலையமைப்புக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி தோன்றி இரண்டு நிமிடங்கள் நிற்கிறது, பிறகு தானாகவே உள்ளே சென்றுவிடுகிறது. வைஃபை டிரைவரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. டிரைவர் உறைந்தால் கணினி இப்படிக் கணக்காக இரண்டு நிமிடத்தில் விடுபடாது. சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன் என்ற சேவையின் இயல்பான காத்திருப்பு 120 வினாடிகள். உங்கள் கணினியில் நிகழ்வது பெரும்பாலும் அதுதான். "சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்" கட்டளையின் முதல் வரியில் அந்தப் பெயர் இருந்தால் உறுதி. வலையமைப்பை நெட்பிளான் கருவியால் அமைப்போர் தம் அமைப்புக் கோப்பில் வைஃபை இடைமுகத்தின் கீழ் "ஆப்ஷனல்: ட்ரூ" என்று சேர்த்துவிட்டு "சூடோ நெட்பிளான் அப்ளை" என்று தட்டினால் காத்திருப்பு நீங்கும். வலையமைப்பு வழியாக ஏற்றப்படும் வட்டுகள் இருந்தால் மட்டும் இந்தக் காத்திருப்புக்கு அவசியம் உண்டு. காத்திருப்பை நீக்கும் முன் அத்தகைய வட்டுகள் உள்ளனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொடக்கத்தின்போது "பிசிஐஇ பஸ் எர்ரர், சிவியாரிட்டி கரெக்டட்" என்ற வரி திரை முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சில நாள் பொறுத்துக்கொண்டேன். இப்போது கடவுச்சொல்லைத் தட்டினாலும் டெஸ்க்டாப் வராமல் மீண்டும் கடவுச்சொல் கேட்கும் திரைக்கே திரும்பிவிடுகிறது. அட்டை ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ.

பதில்: இங்கே இரண்டு சிக்கல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உள்ளன. வைஃபை அட்டைக்கும் பிசிஐஇ பாதைக்கும் இடையே சிறு பிழைகள் நேர்கின்றன. வன்பொருளே அவற்றைத் திருத்திக்கொள்கிறது. அதனால்தான் "கரெக்டட்" என்று வருகிறது. ஆனால் ஒவ்வொரு திருத்தத்தையும் கெர்னல் பதிவேட்டில் எழுதுவதால், சிஸ்லாக், கெர்ன்.லாக் கோப்புகள் ஜிகாபைட் கணக்கில் பெருத்து, மூலப் பகிர்வையே நிரப்பிவிடுகின்றன. ஓர் எழுத்துக்குக் கூட வட்டில் இடம் இல்லாதபோது, டெஸ்க்டாப் தன் தற்காலிகக் கோப்புகளை உருவாக்க முடியாமல் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

முதலில் இடத்தை மீட்டெடுங்கள். கிரப்பின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பகுதியில் ரிகவரி மோடில் நுழைந்து, ரூட் முனையத்தைத் திறந்து, வட்டு வாசிக்க மட்டும் ஏற்றப்பட்டிருந்தால் "மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /" என்று தட்டி எழுதவும் வழிசெய்துகொள்ளுங்கள். "டிஎஃப் -ஹெச்" கட்டளை மூலப் பகிர்வு 100 விழுக்காடு நிறைந்துள்ளதாகக் காட்டினால் என் ஊகம் சரி. "ட்ரன்கேட் -எஸ் 0" என்பதற்குப் பின் அந்தப் பதிவேட்டுக் கோப்பின் பாதையைத் தந்து காலிசெய்யுங்கள்; "ஜர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=200எம்" (இறுதி எம் மட்டும் பேரெழுத்து) கட்டளை சிஸ்டம்டியின் பதிவேட்டையும் சுருக்கிவிடும்.

பிழையின் ஊற்றை அடைக்க, கிரப்பின் லினக்ஸ் வரியில் மூன்று சொற்களில் ஒன்றைச் சேர்க்கச் சொல்வார்கள். பிசிஐ=நோஏஇஆர் என்பது பிழைகளை அறிவிப்பதை மட்டும் நிறுத்துகிறது; பிழை நீடிக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் என்பது முன்பு சொன்ன மின்சிக்கன உறக்கத்தைக் கெர்னல் கையாளாதபடி செய்கிறது. பிசிஐ=நோஎம்எஸ்ஐ என்பது கணினியிலுள்ள எல்லாச் சாதனங்களின் குறுக்கீட்டு முறையையும் (சிபியுவின் கவனத்தைக் கோரும் முறை) மாற்றிவிடுகிறது. என் பரிந்துரை, இரண்டாவதிலிருந்து தொடங்குவதுதான், ஏனெனில் அது காரணத்தையே தொடுகிறது. பயன் தராவிட்டால் மூன்றாவதைச் சோதியுங்கள். நோஏஇஆரை வேறு வழியே இல்லாதபோது மட்டும் கையிலெடுங்கள். எது பயன்பட்டதோ அதை ஈடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பில் "கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட்" என்று பேரெழுத்துகளில் உள்ள வரியின் மேற்கோள்குறிகளுக்குள் எழுதி, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டினால் நிலைபெற்றுவிடும். ஃபெடோரா பயன்படுத்துவோர் இதே வேலையைக் கிரபி கட்டளையால் செய்யலாம்.

கேள்வி: விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் உள்ளன. விண்டோஸை மூடிவிட்டு லினக்ஸைத் தொடக்கினால் நீண்ட நேரம் எடுத்து, இன்டெல் வைஃபையும் இல்லாமல் வருகிறது. விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்து வந்தால் எல்லாம் சரியாக உள்ளது. இது எப்படி?

பதில்: நீங்கள் கவனித்து எழுதிய அந்த வேறுபாட்டிலேயே விடை இருக்கிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும்போது, ஷட்டவுன் என்பது முழு நிறுத்தம் ஆகாது. அதன் கெர்னல் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, கணினி அரை உறக்கத்துக்குச் செல்கிறது. வைஃபை அட்டையும் விண்டோஸ் விட்ட நிலையிலேயே இருந்துவிட, லினக்ஸின் ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் அதனோடு பேச முயன்று பதில் பெறாமல் நேரத்தைக் கழிக்கிறது. ரீஸ்டார்ட் மட்டும் முழுமையாக நிறுத்தித் தொடங்குவதால் குறை தெரிவதில்லை. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அந்த வசதியை நீக்கிவிடுங்கள், அல்லது நிர்வாகி உரிமையுள்ள கட்டளைச் சாளரத்தில் "பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்" என்று தட்டுங்கள். லினக்ஸில் எதையும் தொட வேண்டாம்.

கேள்வி: புதிய லேப்டாப்பில் மீடியாடெக் எம்டி7921 அட்டை உள்ளது, நான் நிறுவிய லினக்ஸ் அதை அறியவில்லை. வெளியிலிருந்து டிரைவரைத் தொகுத்து நிறுவினால், பிற்பாடு கணினி தொடங்காமல் போகும் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு என்பதை மேலேயுள்ள கடிதங்களே சொல்கின்றன. உங்களுக்கு அது தேவையும் இல்லை. எம்டி7921 அட்டையின் பிசிஐஇ வடிவுக்கான டிரைவர் கெர்னலின் 5.12 பதிப்பில், 2021 ஏப்ரலில் சேர்ந்துவிட்டது. "யுநேம் -ஆர்" என்று தட்டிப் பாருங்கள். 5.12ஐவிடப் பழைய எண் வந்தால் குறை டிரைவரில் இல்லை, கெர்னலில்தான். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் ஹெச்டபிள்யூஇ எனப்படும் புதிய கெர்னல் தொகுப்பும், டெபியனில் பேக்போர்ட்ஸ் களஞ்சியமும் இதற்கென்றே உள்ளன. டெபியனின் பழைய நிறுவிகளில் ஃபர்ம்வேரைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. 2023இல் வெளியான 12ஆம் பதிப்பு முதல் அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே அது இடம்பெறுகிறது.

புதிய கெர்னலை நிறுவியதும் பழையதை உடனே நீக்கிவிடாதீர்கள். புதியது தொடங்காவிட்டால், கிரப் பட்டியலில் கீழே இறங்கிப் பழையதைத் தேர்ந்தெடுக்க அதுதான் கைகொடுக்கும். புதிய கெர்னலில் அட்டை தென்பட்டு, ஆனால் கணினி அவ்வப்போது உறைந்தால், இந்த டிரைவருக்கும் ஏஎஸ்பிஎம்மை நிறுத்தும் வழி உண்டு: மாட்ப்ரோப்.டி கோப்புறையில் "ஆப்ஷன்ஸ் எம்டி7921இ டிசேபிள்_ஏஎஸ்பிஎம்=1" என்ற வரி. அதன் பிறகும் தொல்லை நீடித்தால், அடுத்த கடிதத்தில் "எல்எஸ்பிசிஐ -என்என்கே", "யுநேம் -ஆர்" ஆகிய இரண்டின் வெளியீட்டையும், உறைந்த தொடக்கத்துக்கு அடுத்த தொடக்கத்தில் எடுத்த "ஜர்னல்சிடிஎல் -கே -பி -1" வெளியீட்டின் கடைசி ஐம்பது வரிகளையும் எழுதி அனுப்புங்கள். அட்டையின் பெயரை மட்டும் வைத்துச் சொல்வதைவிட உறுதியாகப் பதில் சொல்ல முடியும்.